கூட்ஸ் வண்டிக்கு என்ன நிறம்?

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது குமரன் நினைவகம். 1932 ஜனவரி 10ம் தேதி கொடி பிடித்து ஊர்வலம் போன குமரன், போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. அந்தக் கொடிக்கு என்ன நிறம் என்று கேட்டால் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட சொல்லிவிடுவார்கள். காவி, வெள்ளை, பச்சை, நடுவில் ராட்டை.

இப்போது இன்னொரு கேள்வி. அதே வருடம், அதே ஸ்டேஷன் யார்டில், பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டு போன கூட்ஸ் வேகனுக்கு என்ன நிறம்?

யாரைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ன… செங்கல் மாதிரி ஒரு கலர் தானே?" என்பார்கள். அநேகமாக சரியாகவும் இருக்கலாம். ஆனால் எந்த செங்கல்? புது செங்கலா, மழையில் நனைந்த செங்கலா, சூளையில் கருகிய செங்கலா? "அதெல்லாம் யாருக்குத் தேவை?" என்று கேட்கத் தோன்றும். தேவைப்படுகிறவர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள்தான் மாடல் ரயில்காரர்கள்.

பொம்மை ரயில் இல்லை

மாடல் ரயில் என்றதும் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை நினைவுக்கு வரும். இது வேறு. ஒரு குறிப்பிட்ட ஊர், ஒரு குறிப்பிட்ட வருடம் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஸ்டேஷன், யார்டு, சிக்னல், வேகன் எல்லாவற்றையும் அளவு பிசகாமல் சிறியதாகச் செய்வது. உலகில் அதிகம் புழங்கும் அளவு எச்.ஓ. எனப்படும் 1:87. இன்று நம் ஊர் வழியாக நிலக்கரி ஏற்றிப் போகும் பி.ஓ.எக்ஸ்.என். வேகன் ஒன்றின் நீளம் சுமார் 10.7 மீட்டர். 1:87 அளவில் அது 12.3 சென்டிமீட்டர். ஒரு பேனா நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

இந்தியாவில் இதில் ஒரு கூடுதல் தலைவலி உண்டு. நம் அகல ரயில் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். 1:87 என்றால் தண்டவாள இடைவெளி 19.3 மில்லிமீட்டர் வரவேண்டும். கடையில் கிடைப்பதோ வெளிநாட்டு 1435 மில்லிமீட்டர் பாதைக்கான 16.5 மில்லிமீட்டர். பலரும் அதிலேயே நம் வண்டிகளை ஓட்டி மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். புணேவில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. 1989ல் தொடங்கிய இந்திய ரயில்வே ரசிகர் மன்றத்திலும் மாடல் செய்பவர்கள் உண்டு. ஆக, ஆட்கள் இருக்கிறார்கள்.

அளவு பிரச்சினையை வரைபடம் வைத்துச் சமாளிக்கலாம். நிறத்துக்கு என்ன செய்வது? அங்கேதான் இந்த விளையாட்டு சரித்திர ஆராய்ச்சியாக மாறுகிறது.

முதலில் வண்டி யாருடையது?

நிறத்தைத் தேடும் முன் சொந்தக்காரரைத் தேடவேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஓட்டியது மதராஸ் ரயில்வே கம்பெனி. அந்தப் பாதை சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர் என்று நீண்டு, 1862ல் மேற்குக் கடற்கரையைத் தொட்டது. திருப்பூருக்கு ரயில் வந்தது அப்படித்தான். பனியன் கம்பெனிகள் 1920களில்தான் தலைகாட்டின. ரயில் வந்து அறுபது வருடம் கழித்து!

1907 முடிவோடு மதராஸ் ரயில்வே கதை முடிந்தது. 1908லிருந்து அதன் வழிகளில் பெரும்பகுதி மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே ஆனது. ஆனால் ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் பக்கம் போகும் அகலப் பாதை, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட சவுத் இந்தியன் ரயில்வேயிடம் போனது. திருப்பூர் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. பிறகு 1951 ஏப்ரல் 14 அன்று சவுத் இந்தியன், மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா, மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து இன்றைய தெற்கு ரயில்வே உருவானது.

அதாவது 1905 திருப்பூரை மாடலாகச் செய்தால் மதராஸ் ரயில்வேயின் வேகன் வேண்டும். குமரன் காலம் என்றால் சவுத் இந்தியன். 1955 என்றால் தெற்கு ரயில்வே. ஒரே ஸ்டேஷன், ஒரே தண்டவாளம், மூன்று பெயர்.

இதோடும் முடியவில்லை. பயணிகள் பெட்டி மாதிரி கூட்ஸ் வேகன் வீட்டோடு இருக்காது. சரக்கு எங்கே போகிறதோ அங்கே போகும். மதராஸ் பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் 1871ல் ராய்ச்சூரில் சந்தித்துவிட்டன. அதன்பின் அகலப் பாதை வேகன் ஒன்று பம்பாயில் ஏற்றிய சரக்கோடு திருப்பூர்வரை வரலாம். அதனால் 1932 திருப்பூர் யார்டை ஒரே கம்பெனி வேகன்களால் நிரப்பினால் அதுவே தப்பு. கொஞ்சம் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா, கொஞ்சம் ஜி.ஐ.பி. என்று கலந்து நிற்கவேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி பெயிண்ட் கடை!

எல்லா ஊரிலும் ஏன் செம்மண் நிறம்?

இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா… எங்கே பார்த்தாலும் கூட்ஸ் வேகனில் ஏதோ ஒரு செம்பழுப்பு தென்படும். அமெரிக்காவில் அதற்குப் பாக்ஸ்கார் ரெட் என்றே பெயர். இங்கிலாந்தில் பாக்சைட் என்பார்கள். நம் ஊரில் ரெட் ஆக்சைடு.

காரணம் சிக்கனம். ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு. சுருக்கமாகச் சொன்னால் துரு, மண்ணில் கிடைக்கும் துரு. கோவில் மதிலில் வெள்ளைக்கு நடுவே அடிக்கும் காவிப் பட்டையும், மார்கழிக் கோலத்தைச் சுற்றி இழுக்கும் செம்மண் கரையும், பழைய வீடுகளில் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்குமே அந்த ரெட் ஆக்சைடு தரையும் எல்லாம் ஒரே குடும்பம். விலை குறைவு. வெயிலுக்கு வெளுக்காது. பெயிண்டில் கலக்கும் ஆளி விதை எண்ணெயை சூரிய ஒளி சீக்கிரம் கெடுத்துவிடும். இரும்பு ஆக்சைடு குடை பிடித்த மாதிரி அதைக் காப்பாற்றும். எல்லாவற்றுக்கும் மேல், வேகன் துருப்பிடித்தாலும் வெளியே தெரியாது! துரு நிறத்துக்கு மேல் துரு என்ன தெரியப்போகிறது?

ஆயிரக்கணக்கில் வேகன் வைத்திருக்கும் கம்பெனிக்கு இதைவிட நல்ல பெயிண்ட் கிடையாது. ஆனால் ஆராய்ச்சி செய்பவனுக்கு இதைவிட மோசமான பெயிண்டும் கிடையாது. இரும்பு ஆக்சைடு மண்ணுக்கு மண் மாறும். மஞ்சள் கலந்த சிவப்பு முதல் கத்தரிப்பூ சாயல் அடிக்கும் பழுப்பு வரை எல்லாமே "ரெட் ஆக்சைடு"தான். ஒர்க்‌ஷாப்பில் தூளையும் எண்ணெயையும் கலந்து அடித்த காலத்தில் இந்த வாரக் கலவை போல அடுத்த வாரக் கலவை இருந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது? திருப்பூர் பாஷையில் சொன்னால், லாட்டுக்கு லாட் ஷேடு வேரியேஷன்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5 வந்து, பெயிண்ட் நிறங்களுக்கு எண் கொடுத்தது. அதில் ரெட் ஆக்சைடு 446. எண் வந்தபின் வேலை சுலபம். ஷேடு கார்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு முந்தைய கம்பெனிக் காலத்துக்குத்தான் இவ்வளவு பாடும்.

போட்டோ சொல்லும் பொய்

"பழைய போட்டோவைப் பார்த்தால் தெரிந்துவிடாதா?"

கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். கருப்பா வெளுப்பா என்பதாவது தெரியும் என்று நினைப்போம். அதுவும் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

பழைய காலத்து போட்டோ பிளேட்டுகள் பெரும்பாலும் ஆர்த்தோகுரோமாட்டிக் வகை. அவற்றுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. அதனால் சிவப்பு கிட்டத்தட்ட கருப்பாக விழும். நீல வானம் வெள்ளையாகிவிடும். வீட்டில் பழைய கல்யாண போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். கொள்ளுப்பாட்டி நெற்றியில் குங்குமம் கன்னங்கரேல் என்று இருக்கும். அவர் கருஞ்சாந்து வைக்கவில்லை. பிளேட்டுக்குக் குங்குமம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சிவப்பையும் பார்க்கக்கூடிய பான்குரோமாட்டிக் பிளேட்டுகள் 1906லேயே விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் பரவலாகப் புழங்க 1920கள், 30கள் ஆயின. எனவே 1910ல் எடுத்த படத்தில் ஒரு வேகன் கருப்பாகத் தெரிந்தால், அது கருப்பாகவும் இருக்கலாம், அடர் சாம்பலாகவும் இருக்கலாம், பளிச்சென்ற சிவப்பாகவும் இருக்கலாம்! எந்த வருடம், எந்த பிளேட் என்று தெரியாமல் படத்தை வைத்து நிறம் சொல்வது ஜோசியம்.

கம்பெனிகள் எடுத்த அதிகாரபூர்வப் படத்திலும் ஒரு பொறி உண்டு. புது வேகனைப் படம் எடுக்கும்போது விவரம் தெளிவாகத் தெரிவதற்காகப் படத்துக்கென்றே தனியாக வெளிர் சாம்பல் பெயிண்ட் அடிக்கும் வழக்கம் இங்கிலாந்துத் தொழிற்சாலைகளில் இருந்தது. படம் எடுத்த பிறகு உண்மையான நிறம் அடிப்பார்கள். அந்தப் படத்தை நம்பி மாடலுக்குச் சாம்பல் அடித்தால் கதை கந்தல்.

வெள்ளைக்காரர்களின் சண்டை

இங்கிலாந்துக்காரர்கள் இதில் நமக்கு முன்னோடிகள். 1950லேயே சரித்திர மாடல் ரயில்வே சங்கம் ஒன்றை ஆரம்பித்து, பெயிண்ட் விவரங்களைத் திரட்டத் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு ஆராய்ந்தும் தீராத சண்டைகள் உண்டு.

மிகப் பிரபலமானது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே வேகன்கள் பற்றியது. அவை ஒரு காலத்தில் சிவப்பு, பின்னர் அடர் சாம்பல். இதில் தகராறு இல்லை. எப்போது மாறியது என்பதில்தான் தகராறு. 1904 வாக்கில் பெரிய எழுத்துகளில் கம்பெனி பெயர் போட ஆரம்பித்தபோது நிறமும் மாறியது என்று ஒரு கட்சி. இல்லை, அதற்கு வெகு முன்பே மாறிவிட்டது என்று மறு கட்சி. ஆர்த்தோகுரோமாட்டிக் படத்தில் சிவப்பும் அடர் சாம்பலும் ஒரே மாதிரி விழுவதால், இரு கட்சியும் ஒரே போட்டோவைக் காட்டி வாதாடலாம்!

சாம்பலுக்கும் தனிக் கதை உண்டு. அந்தக் காலத்துச் சாம்பல் பெயிண்ட் வெள்ளை ஈயத்தோடு கொஞ்சம் கருப்பு கலந்தது. நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தகம் வெள்ளை ஈயத்தைத் தாக்கினால் அது கருக்கும். ஆகவே ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளிர் சாம்பலாக வந்த வேகன் சில வருடங்களில் அடர் சாம்பலாகிவிடும். அப்படியானால் அந்த வேகனின் "உண்மையான" நிறம் எது? அடித்த அன்றைய நிறமா, ஓடிய காலத்து நிறமா?

சில இடங்களில் நிறமே ஒரு தகவலாகவும் இருந்தது. 1948க்குப் பிறகு பிரிட்டிஷ் ரயில்வேயில், வண்டி முழுக்க இணையும் பிரேக் உள்ள வேகனுக்கு பாக்சைட் சிவப்பு, இல்லாத வேகனுக்கு சாம்பல். யார்டில் வேலை செய்பவர் தூரத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கே மாடல்காரர் நிறத்தைத் தப்பாக அடித்தால், பிரேக்கையே மாற்றிவிட்டார் என்று அர்த்தம்.

திருப்பூருக்குத் தெரிந்த வித்தை

இங்கேதான் சுவாரசியமான விஷயம். உலகத்து மாடல் ரயில்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இந்தக் கேள்விகள் அத்தனைக்கும் திருப்பூரில் தினசரி வேலையாகப் பதில் தேடுகிறார்கள். வேகனுக்கு இல்லை, டி-ஷர்ட்டுக்கு.

வெளிநாட்டு பையர் ஒரு துண்டுத் துணியையோ பேன்டோன் எண்ணையோ அனுப்புவார். சாயப்பட்டறை லேபில் சின்ன அளவில் சாயம் போட்டு லேப் டிப் தயாராகும். அதை லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பார்கள். டி65 என்ற பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, டி.எல்.84 என்ற கடை ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒரு தடவை, குண்டு பல்பு வெளிச்சத்தில் ஒரு தடவை. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு துணி இன்னொரு வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரிந்தால் அதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பையர் ரிஜெக்ட் செய்துவிடுவார். கண்ணை மட்டும் நம்பாமல் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்து டெல்டா ஈ எண் பார்ப்பார்கள். 1க்குள் இருந்தால் பெரும்பாலும் பாஸ். வெயிலில் எவ்வளவு தாங்கும் என்பதை நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டு 1 முதல் 8 வரை மார்க் போடுவார்கள்.

இதையெல்லாம் அப்படியே வேகன் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

மாடல்காரர் பழைய வேகனிலிருந்து உதிர்ந்த பெயிண்ட் செதில் ஒன்றை வைத்துக்கொண்டு, ராத்திரி வீட்டு எல்.இ.டி. விளக்கில் நிறம் கலக்கிச் சந்தோஷப்படுகிறார். காலையில் வாசலில் வைத்துப் பார்த்தால் வேறு நிறம். மெட்டாமெரிசம்! பழைய பெயிண்டில் இருந்த நிறமித் தூள் வேறு, இன்றைய டப்பாவில் இருப்பது வேறு. எனவே மாடலை எந்த வெளிச்சத்தில் காட்சிக்கு வைக்கப்போகிறோமோ அந்த வெளிச்சத்தில்தான் பொருத்தம் பார்க்கவேண்டும்.

அந்தச் செதிலும் வெயில் பட்ட இடத்திலிருந்து எடுத்ததா, படாத இடத்திலிருந்தா? தெரிந்தவர்கள் எண் தகட்டுக்குப் பின்னால், இரும்புப் பட்டைக்கு அடியில் என்று சூரியன் எட்டாத மூலையில் தேடுவார்கள். சட்டைக் காலருக்கு அடியில் பார்த்தால் பழைய நிறம் தெரிவது மாதிரி. பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்திருந்தால் ஓர் இடத்தில் பள்ளமாகத் தேய்ப்பார்கள். மரத்தின் வளையம் மாதிரி அடுக்கடுக்காக நிறம் தெரியும். அடியில் இருப்பது மூத்தது.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு சரியாக நிறம் பிடித்தாலும், அதையே 12 சென்டிமீட்டர் வேகனில் அடித்தால் கருப்படித்துத் தெரியும். நிஜ வேகனை நாம் தூரத்திலிருந்து, வெட்டவெளியில், நடுவே காற்றும் தூசியும் இருக்கப் பார்க்கிறோம். மாடலை அறைக்குள் ஒரு முழ தூரத்தில் பார்க்கிறோம். அதனால் கொஞ்சம் வெளுப்பாக்கி அடிக்கவேண்டும் என்பது மாடல்காரர்கள் பலரின் கட்சி. சின்ன லேப் டிப்பில் ஒரு மாதிரியும், முழு ரோல் துணியில் வேறு மாதிரியும் தெரிகிறது என்று சாயப்பட்டறையில் புலம்புவதும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான்.

வேகனே எழுதி வைத்திருக்கும் டைரி

நிறம் ஏமாற்றினாலும் எழுத்து ஏமாற்றாது. கூட்ஸ் வேகன் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொண்டு திரியும் பிராணி. எந்த ரயில்வே, என்ன வகை, எண், காலி எடை, எவ்வளவு ஏற்றலாம் எல்லாம் பக்கவாட்டில் இருக்கும். மிக முக்கியமானது பி.ஓ.எச். விவரம். பி.ஓ.எச். என்றால் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒர்க்‌ஷாப்புக்குப் போய் முழுசாகக் கழற்றிப் பூட்டி வருவது. எந்த ஒர்க்‌ஷாப், எந்தத் தேதி என்று வேகனிலேயே எழுதிவிடுவார்கள். நம் பக்கம் என்றால் 1856ல் தொடங்கிய பெரம்பூர், அல்லது நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் பிற்பகுதியில் இடம் மாறிய திருச்சி பொன்மலை.

இதில் மாடல்காரருக்கு இரண்டு லாபம். தேதி தெரியாத போட்டோவில் பி.ஓ.எச். எழுத்து தெளிவாக இருந்தால், படம் அதற்குப் பின்னால் எடுத்தது என்று சொல்லிவிடலாம். அடுத்தது, வேகனுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது பொதுவாக பி.ஓ.எச். நேரத்தில்தான். ஆகவே "இந்த வருடம் முதல் புது நிறம்" என்று மேலிடம் உத்தரவு போட்டாலும், எல்லா வேகனும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்வரப் பல வருடம் ஆகும். அதுவரை ஒரே கூட்ஸ் வண்டியில் பழசும் புதுசும் கைகோத்து ஓடும். ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும் மாடல் ரயில் பார்க்க அழகுதான். நிஜத்தில் அப்படி இருந்திருக்காது.

2000களின் தொடக்கத்தில் வந்த 11 இலக்க எண் இன்னும் வசதி. முதல் இரண்டு இலக்கம் வேகன் வகை, அடுத்த இரண்டு சொந்தக்கார ரயில்வே, அடுத்த இரண்டு தயாரித்த வருடம், பின் நான்கு தனி எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். ஸ்டேஷனில் கூட்ஸ் போகும்போது ஐந்தாவது, ஆறாவது இலக்கத்தைப் பார்த்தால் வேகனின் வயதைச் சொல்லிவிடலாம். பயணிகள் ரயில் லேட்டாகும்போது நல்ல பொழுதுபோக்கு.

தப்பான நிறம் சரித்திரமாகும் விதம்

சரி, ஒரு பொம்மை வண்டிக்கு நிறம் தப்பானால் என்ன குடி முழுகிவிடும்?

இப்படி யோசித்துப் பாருங்கள். ஒருவர் 1930களின் திருப்பூர் ஸ்டேஷனை மாடலாகச் செய்கிறார். ஆதாரம் கிடைக்கவில்லை. கண்ணுக்கு அழகாக இருந்த ஒரு சிவப்பை அடித்துவிடுகிறார். மாடல் அருமையாக வந்துவிடுகிறது. நாலு பேர் படம் எடுக்கிறார்கள். படம் இணையத்தில் சுற்றுகிறது. கொஞ்ச நாளில் "சவுத் இந்தியன் ரயில்வே வேகன்" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அந்த மாடல். அடுத்து செய்பவர் அதைப் பார்த்து அடிக்கிறார். பத்து மாடல் வந்தபின் "எல்லோரும் இதே நிறம்தானே சொல்கிறார்கள்" என்று அதுவே சான்றாகிவிடுகிறது. கிரேட் வெஸ்டர்ன் சண்டையில்கூட ஆதாரத்தைவிட, யாரோ எப்போதோ எழுதியதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

ராஜாக்களின் பல்லக்கும் வைஸ்ராயின் ஸ்பெஷல் ரயில் பெட்டியும் என்ன நிறம் என்று எழுதி வைக்க ஆள் இருந்தது. கூட்ஸ் வேகன் தினமும் கண் முன்னால் போனது. தினமும் பார்ப்பதை யார் எழுதி வைப்பார்கள்? ஆனால் இந்த ஊரை உருவாக்கியது அந்த வேகன்தான். சுற்றுவட்டாரப் பருத்தி திருப்பூர் சந்தைக்கு வந்து, ஜின்னிங் ஆகி, 400 பவுண்டு பொதியாக அழுத்தப்பட்டு வெளியூர் போன பாதை அது. ரயில் இருந்ததால் பஞ்சு வியாபாரம், பஞ்சு இருந்ததால் பனியன், பனியன் இருந்ததால் ஏற்றுமதி. இன்று ஏற்றுமதிச் சரக்கு பெரும்பாலும் கண்டெய்னர் லாரியில் தூத்துக்குடி போய்விடுகிறது. பஞ்சுப் பொதி ஏற்றிய நாலு சக்கர வேகன்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன.

நொய்யலுக்கும் இதே கதைதான். சாயக்கழிவு கலந்து ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடியதைப் பார்த்தவர்கள் ஊரில் ஏராளம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது வரை போன விவகாரம் அது. வழக்கு விவரம் காகிதத்தில் இருக்கிறது. எந்த நாளில் ஆறு என்ன நிறம் என்பது, பார்த்தவர் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு சீல் சாம்பிள்

கார்மென்ட்ஸில் சீல் சாம்பிள் என்று ஒன்று உண்டு. பையர் ஒப்புக்கொண்ட பீஸை சீல் வைத்து பத்திரமாக எடுத்து வைப்பார்கள். பின்னால் தகராறு வந்தால் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கூட்ஸ் வேகனுக்கு அந்த மாதிரி ஒன்றை யாரும் எடுத்து வைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு ஆராய்ச்சியும் சண்டையும்.

பழசுக்கு ஒன்றும் செய்யமுடியாவிட்டாலும் இன்று ஓடுகிற வேகனுக்குச் செய்யலாம். பெரிய செலவில்லை. ஊத்துக்குளியிலோ வஞ்சிபாளையத்திலோ சோமனூரிலோ பிளாட்பாரத்தில் நின்றபடி (தண்டவாளத்தில் இறங்க வேண்டாம்!) மொபைலில் ஒரு படம். ஃபிரேமின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதமாவது தெரியட்டும். வெளிச்சத்தின் சாயலைப் பிற்பாடு கழித்துப் பார்க்க அது உதவும். காலை வெயிலா, மாலை வெயிலா, மேகமா என்று ஒரு வரி. வேகன் எண்ணும் பி.ஓ.எச். தேதியும் படிக்கும்படி இன்னொரு படம். வீட்டுக்குப் பக்கத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டராக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் யாராவது இருந்தால், என்ன தூள், என்ன எண்ணெய், எத்தனை கோட் என்று கேட்டு எழுதி வைக்கலாம். அவர்கள் கையில் இருக்கும் கணக்கு எந்த மேனுவலிலும் இருக்காது.

எண்பது வருடம் கழித்து எவனோ ஒருவன் 12 சென்டிமீட்டர் வேகனைக் கையில் வைத்துக்கொண்டு "இதுக்கு என்ன கலர்?" என்று தலையைச் சொறிவான். அவனுக்கு அந்த ஒரு போட்டோ போதும்.